சட்டை போட்ட அத்தி

எங்கள் ஒழுங்கையில் என்னைவிட நேர்த்தியாக உடுத்திக்கொண்டு நின்றது ஓர் அத்திமரம். காலையில் நான் சாரமும் ஓட்டைப் பெனியனுமாகக் கிணற்றடிக்குப் போனால், வேலிக்கு அந்தப்பக்கம் அது கல்யாணக் கூறைச் சிவப்பும் தாலிப் பொன்னுருக்குப் பச்சையும் பூப்புச் சாமத்திய வீட்டு மஞ்சளுமாகக் கிளைக்குக் கிளை சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். காய்க்கு ஒரு பை. பையின் வாயில் இழுத்துக் கட்ட ஒரு நாடா. ஊர்ப் பெண்களின் சாறிச் சட்டைகளுக்கு வெட்டி மிஞ்சிய துணியில் அவற்றைத் தைத்தவர் அந்த வீட்டுத் தையலக்கா.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் தையலக்கா, முதுகுக்குப் பின்னால் கரிநாக்கு. அறுபது வயதிருக்கும். மெலிந்த ஆள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகள் இருக்கும். ஊசியைக் கடித்துக்கொண்டே கதைப்பதால் சொற்கள் குறுகித்தான் வெளியே வரும். 'கையை நீட்டு', 'திரும்பு', 'காணும்', அவ்வளவுதான். அவர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். சட்டைக்கு அளவு கொடுக்கப் போன பெண்கள், அவர் கை வாய்ப்பக்கம் போனால் போதும், செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்களாம்.

நான் அப்போது கல்யாணம் கட்டிய புதிது. சண்டிலிப்பாயில் அந்த ஒழுங்கையில் வாடகைக்கு இருந்துகொண்டு சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தேன். திருத்தும் கடை என்று பலகையில் எழுதியிருந்தது. அது கொஞ்சம் கூடுதலான சொல். கொண்டுவந்தபோது மணியாவது அடித்த போனை, மணியும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்த நாள்கள் உண்டு. ஆறடிக்கு மேலே ஆள். உயரத்தைத் தவிர என்னிடம் உயர்ந்தது எதுவும் இல்லை என்பது அளவெட்டியில் இருக்கிற என் மாமியின், அதாவது மனைவியின் தாயின், கணிப்பு. அந்த உயரத்தை ஊரில் மதித்த ஒரே ஆள் தையலக்காதான்.

"தம்பி, ஏணி ஒண்டு வேணும். வாரும்."

"ஏணி எங்களிட்டை இல்லையே அக்கா."

"ஏணிதான் நீர்."

அப்படித்தான் நான் அந்த மரத்துக்கு உத்தியோகத்தரானேன்.

மரம் உள்ளூர் அத்தி இல்லை. அவருடைய தம்பி ரொறன்ரோவிலிருந்து வந்தபோது சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு சாண் தடி. கிணற்றடியில் வாழைக்குப் பாய்கிற தண்ணீரில் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. முதல் வருடம் காய்த்த காய்களைத் தையலக்கா வாழைக்குலையைப் போல நிலத்தில் வெட்டிய கிடங்கில் வைத்துப் புகை ஊதிப் பழுக்கப் போட்டார். திறந்து பார்த்தபோது ஆட்டுப்புழுக்கைக்கும் அவற்றுக்கும் மணத்தில்தான் வித்தியாசம் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இந்த அத்தி பிடுங்கியபின் பழுக்காது. மரத்திலேயே பழுத்து, கழுத்து மடிந்து, அடியில் ஒரு துளி தேன் கசிகிறவரை காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருப்போம். கொண்டைக்குருவி காத்திராது. கிளியும் புலுனியும் அணிலும் எங்களுக்கு ஒருநாள் முந்திக்கொள்ளும். அதற்குத்தான் சட்டை.

ஆனால் எல்லாக் காய்க்கும் அவர் சட்டை போடமாட்டார். மரத்தின் கீழே நின்று ஒவ்வொரு காயாகப் பார்ப்பார்.

"இதைக் கட்டும். இது நிக்கும். அதை விடும்."

"அதுக்கென்ன அக்கா? அதுதானே பெரிசு."

"நிக்காது. குருவி தின்னட்டும்."

"எப்பிடித் தெரியும்?"

"முகத்திலை தெரியும்."

எனக்கு அந்தக் காய்களில் முகமும் தெரியவில்லை, முதுகும் தெரியவில்லை. ஆனால் அவர் விடச் சொன்ன காய் பழுத்ததை நான் பார்த்ததில்லை. குருவி முந்தாவிட்டால் தானாகச் சூம்பி விழும். குருவிகளும் விட்ட காய்களோடு திருப்திப்பட்டு, கட்டிய பைகளைத் தொடாமல் இருந்தன. அது அவருக்கும் குருவிகளுக்கும் இடையில் இருந்த உடன்படிக்கை.

ஒருநாள் காலை ஒரு கொண்டைக்குருவி பையின் நாடாவில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. நான் இறக்கித் தையலக்காவிடம் கொடுத்தேன். நாடாவை அறுத்துவிட்டு, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "இது நிக்காது" என்றார். கிணற்றுக் கட்டில் விட்டதும் அது சிலிர்த்துக்கொண்டு விர்ரென்று முருங்கைக்குப் பறந்தது.

"அக்கா, முதல் தரம் பிழைச்சிட்டுது!" என்று நான் கைதட்டிச் சிரித்தேன்.

மறுநாள் அது முருங்கைக்குக் கீழே கிடந்தது. அவர் அதை ஓலைத்துண்டில் ஏந்திக் கொண்டுபோய்ப் புதைத்தார். நான் கைதட்டிய கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மரம் கலர்ச் சட்டை போடுவதை நிறுத்தியதற்கு ஒரு தாய் காரணம். அவருடைய மகளின் கூறைச் சட்டைத் துணியில் தைத்த பை ஒன்று அவிழ்ந்து, உள்ளே இருந்த பழம் நிலத்தில் விழுந்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதை அவர் ஒழுங்கையால் போகும்போது கண்டுவிட்டார். வேலிப் படலையில் நின்று சத்தம் போட்டார்.

"என்ரை பிள்ளையின்ரை கூறைச் சட்டைத் துணியை ஆரைக் கேட்டு மரத்திலை கட்டினனீ?"

"மிச்சத் துணி. நீதான் வேண்டாம் எண்டனீ."

"பழம் விழுந்து கிடக்குதடி! என்ரை மருமோனுக்கு ஏதும் நடந்தால்?"

தையலக்கா ஊசிகளை எடுத்தார். நான் வேலிக்கு இந்தப்பக்கம் குனிந்துகொண்டேன். உயரமானவனுக்கு ஒளிவது பெரிய வேலை.

"பழம் விழுந்ததுக்கு எறும்பு வந்தது. அதோடை முடிஞ்சுது. உன்ரை மருமோனைக் கொஞ்ச நாளைக்கு மோட்டச் சைக்கிள் ஓட வேண்டாம் எண்டு சொல்லு."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தாராம். தீபாவளிக்கு முன்னம் மோட்டார் சைக்கிளோடு மதகுக்குள் விழுந்தார். கால் மட்டும்தான் முறிந்தது. செய்தி கேட்டுத் தையலக்கா "கால் மட்டுமோ?" என்று கேட்டது நிம்மதியிலா குறையிலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கிழமையே ஊர்ப் பெண்கள் வந்து தங்கள் தங்கள் துண்டுத் துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மரத்துக்கு வெள்ளை மல்லுத் துணிதான். பின்னேரம் காற்று எழும்பும்போது அந்த வெள்ளைப் பைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பும், யாரோ கூப்பிட்டது போல. நான் அந்நேரம் கிணற்றடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். குளிப்பதையும் குறைத்துக்கொண்டேன். காரணம் கேட்ட மனைவியிடம் தண்ணீர்ச் சிக்கனம் என்றேன்.

ஒருநாள் பை கட்டி முடித்துத் தேத்தண்ணீர் குடிக்கும்போது பகிடியாகக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப அக்கா தொடங்கினது உந்த முகம் பார்க்கிற வருத்தம்?"

கோபிப்பார் என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ரை மனுசன் ஒருநாள் காலமை பேக்கரியிலை பாண் வாங்கச் சைக்கிளை எடுத்தவர். நான் முகத்தைப் பார்த்தன். தெரிஞ்சுது. சொன்னால் சிரிப்பார் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். பாண் வரேல்லை. சைக்கிளும் வரேல்லை. இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை."

எனக்கு வாயில் இருந்த தேத்தண்ணீரை விழுங்குவதா வைத்திருப்பதா என்று தெரியவில்லை.

"அதுக்குப் பிறகு ஆரிட்டையெண்டாலும் சொல்லிப்போடுவன் தம்பி. சிரிக்கிறவை சிரிக்கட்டும். ஏசுறவை ஏசட்டும்."

இவ்வளவும் எனக்கு அடுத்த வீட்டுக் கதையாகத்தான் இருந்தது. பிறகு என் வீட்டுக்குள் வந்தது.

மனைவிக்கு முதல் முறை வயிற்றில் தங்கியபோது, பூப்போட்ட பருத்தித் துணி ஒன்றை வாங்கி, தொளதொளவென்று ஒரு சட்டை தைக்கச் சொல்லித் தையலக்காவிடம் கொண்டுபோனாள். அவர் துணியை விரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். இவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டு, "இப்ப வெட்டேல்லை தங்கச்சி. துணி இருக்கட்டும்" என்றார். மூன்றாம் மாதம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஆகவே இரண்டாம் முறை தங்கியபோது எனக்கு ஒரே குறிதான். என் மனைவியின் நிழல்கூட அவர் கண்ணில் படக்கூடாது.

"அவ பார்த்ததாலையோ போனது? போகப்போறதைப் பார்த்தவ" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்டுதான்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. எனக்கு ஒருக்கா அவவிட்டைக் கேக்கவேணும் போலை கிடக்கு."

"கேட்டு?"

"தெரிஞ்சுகொண்டு இருக்கலாம்தானே. இப்பிடி ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருக்கேலாது."

நான் சந்தியில் தகரம் வாங்கி வேலியை உயர்த்தினேன். அதற்கு மேலாலும் தையலக்கா முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்து "எங்கை தங்கச்சியைக் காணேல்லை?" என்று கேட்க, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"வீட்டிலை அம்மாள் வந்திருக்கு அக்கா."

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, கண்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். என் மூளை வேலை செய்த மிகச் சில தருணங்களில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பொய்க்குப் பொருத்தமாகப் படலையில் வேப்பிலையும் செருகினேன். தையலக்கா வரவில்லை. பால்காரரும் வரவில்லை, மீன்காரரும் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் போனை ஒரு தடி தூரத்தில் வைத்துவிட்டு எட்டி நின்றார்கள். ஒரு வாரம் நாங்கள் பருப்பில் வாழ்ந்தோம்.

அளவெட்டியிலிருந்து மாமி வந்து இறங்கினார். வேப்பிலையைக் கண்டு படலையிலேயே நின்றார்.

"ஆருக்கு அம்மாள்?"

"ஒருத்தருக்கும் இல்லை மாமி. சும்மா."

"சும்மாவோ?" மாமியின் குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. "அம்மாளோடை பகிடி விடுறீரோ? வயித்துப் பிள்ளைக்காரியை வீட்டிலை வைச்சுக்கொண்டு?"

எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. கரிநாக்கிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் போய் அம்மாளின் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை விடிய, அம்மன் கோவில் வீதியில் ஈர வேட்டியோடு பிரதட்டை செய்தேன். ஆறடி ஆள் உருண்டால் நேராக உருளாது என்பதை அன்று ஊர் முழுதும் கண்டது. இரண்டு தரம் வீதியை விட்டு விலகிக் கடலைக்காரியின் கடகத்தை இடித்தேன். மாமி பின்னால் வந்து காலால் திருப்பிவிட்டார்.

மண்ணும் சேறுமாக வீட்டுக்கு வந்தால், மனைவி இல்லை. தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அத்திமரத்தின் கீழே முக்காலியில், ஐந்து மாத வயிற்றோடு இருந்தாள். எதிரே தையலக்கா. ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். படலையால் போக நினைவு வரவில்லை. வேலியால் ஏறிக் குதித்தேன்.

"பார்த்துச் சொல்லுங்கோ அக்கா" என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "எதெண்டாலும் பரவாயில்லை."

தையலக்கா அவளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தார். என்னைத்தான் கூடுதலான நேரம் பார்த்தார்.

"உதென்ன கோலம் தம்பி?"

"அம்மாளுக்குப் பிரதட்டை அக்கா."

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கண்டு சிரிக்காதவர்கள் குறைவு.

"எனக்கு இந்த முறை ஒண்டும் தெரியேல்லை பிள்ளை" என்றார் மனைவியிடம். "மரத்திலையும் தெரியேல்லை. எல்லாத்தின்ரை முகமும் ஒரே மாதிரிக் கிடக்கு." என்னிடம் திரும்பி, "வாரும். இந்த முறை எல்லாத்தையும் கட்டுவம்" என்றார்.

குருவிக்கென்று ஒரு காயும் விடாமல் கட்டினோம். சூம்பியது, புள்ளி விழுந்தது, விரல்நகம் அளவுப் பிஞ்சு, எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பை. பங்கு கிடைக்காத குருவிகளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கிளிகள் கூட்டமாக வந்து மல்லுத் துணியைக் கிழித்தன. புலுனிகள் கிணற்றுக் கட்டில் வரிசையாக இருந்து கத்தின. காகம் என் தலையில் கொத்தியது. ஒவ்வொரு நாளும் கிழிந்ததைக் கழற்றிப் புதியதைக் கட்டினோம். நான் ஒரு கல்லில் ஏறிக் கைகளை உயர்த்திக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் காயைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாராக்கும் என்று, "உந்தக் கல்லிலை நான் ஆடுறது ஸ்ரைலுக்கு அக்கா, விழமாட்டன்" என்றேன். அவர் ஊசியைக் கடித்துக்கொண்டு அடுத்த பையை நீட்டினார்.

முன்பு அவர் ஏதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தவன், இப்போது ஒன்றும் சொல்லாததற்குப் பயப்பட்டேன். தெரியாது என்றவர், தெரிந்துகொண்டுதான் மறைக்கிறாரா? இரக்கப்பட்டா? மனைவியின் வயிறு வளர வளர என் நித்திரை குறைந்தது. எட்டாம் மாதம் மானத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"அக்கா, நிக்கும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"தெரியாததைச் சொல்லமாட்டன்."

"பொய்யாச் சொல்லுங்கோவன்."

"பொய் சொன்னால் உமக்கு நித்திரை வருமோ?"

"வரும் அக்கா. உண்மைக்குத்தான் எனக்கு நித்திரை வாறேல்லை."

அவர் என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தெறிந்துவிட்டு உள்ளே போனார்.

பெரியாசுபத்திரியில் மகள் பிறந்தாள். தாதி கொண்டுவந்து காட்டியபோது அவள் அழுத அழுகையில், எனக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பன் காதைப் பொத்தினான். நானும் அழுதேன். மாமி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பெரிசை முதல் நிப்பாட்டுங்கோ" என்றார்.

பிறந்த தீட்டுப் போகும் துடக்குக் கழிவு அன்று தையலக்கா வந்தார். மல்லுத் துணியில் ஒரு குட்டிச் சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார். வீடு நிறையச் சனம். அவர் உள்ளே வந்ததும் கதை அடங்கிவிட்டது. மாமி பாயின் விளிம்பில் பிள்ளையை மறைத்தாற்போல இருந்தார். மனைவி மட்டும் பிள்ளையைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் குனிந்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இது நிக்கும்" என்றார். "நல்லா நிக்கும்."

சொல்லிச் சிரித்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பெண்களுக்கும் முன்னால், கரிநாக்கு என்று தானே சொல்லித் திரிந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பலகாரம் வந்தது. கதை திரும்பவும் எழும்பியது. எனக்குத் தலைக்குமேல் இருந்த ஒரு வருடப் பாரம் இறங்கியது. கண்டவர் நின்றவரிடம் எல்லாம் பகிடி விட்டேன், அரைவாசிப்பேர் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல விகிதம்.

அவர் புறப்பட்டபோது படலைவரை கூடப் போனேன். வெளியே கால்வைக்கப் போனவர் நின்றார்.

"தம்பி, குனியும்."

குனிந்தேன். என் முகத்தை, ஒரு முழு நிமிடம் இருக்கும், பார்த்தார். கன்னத்தில் கையை வைத்தார். தையல்காரக் கை, நுனி விரலெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

"பிள்ளையை எல்லாரிட்டையும் போகப் பழக்கும்" என்றார். "உம்மோடை மட்டும் ஒட்ட விடாதையும்."

"ஏன் அக்கா?"

அவர் படலையைச் சாத்திவிட்டு நடந்தார். நான் நின்று சிரித்தேன். சிரிப்பு என் கடையில் எப்போதும் கையிருப்பில் இருக்கிற ஒரே சாமான்.

மனைவியிடம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்தார், நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக் கோடு கீறிப் பார்த்தார். "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்றார். என் முகத்தில் என்ன கண்டார் என்று தையலக்காவிடம் போய்க் கேட்கத் துணிவு வரவில்லை. கேட்போம், கேட்போம் என்று தள்ளிப்போட்டேன். அந்த மாரியில் அவர் நித்திரையிலேயே போய்விட்டார்.

மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். பால்காரர் கூப்பிட்டாலும் போவாள், பக்கத்து வீட்டார் தூக்கினாலும் போவாள். அளவெட்டியில் மாமியோடு ஒரு கிழமை நின்றாலும் அப்பா எங்கே என்று கேட்கமாட்டாள். "உங்கடை பிள்ளைக்கு எந்த மடியும் ஒண்டுதான்" என்று ஊரில் மெச்சுவார்கள். மனைவிக்குத்தான் சில நேரம் மனம் கேட்பதில்லை.

"என்னப்பா, பிள்ளை உங்களைத் தேடுறதே இல்லை. உங்களுக்குக் கவலையில்லையோ?"

"என்ரை முகத்தைத் தேடி என்ன காணப்போகுது?" என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். பிள்ளையை இப்படிப் பழக்குவதற்கு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.